வளர இடம் விட்டுத் தைப்பவர்

விசிலை வாயிலிருந்து எடுக்காமலே வியாகுலம்மாள் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு, மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பள்ளி மைதானத்தில் நாற்பது சாரணியர் சிறுமிகள் வரிசையில் நிற்பார்கள். அந்த விசிலின் ஓரம் வழியாகத்தான் உத்தரவுகள் வரும். "ஏத்தா, கையை நீட்டு. இது நகமா, மம்பட்டியா?" கைப்பையில் நகவெட்டி, பேன் சீப்பு, முடிச்சுப் பழக்கும் கயிறு, ஊசி நூல். சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. புழுதி பறக்கிற ஊரில் அது மட்டும் எப்படி வெள்ளையாகவே இருக்கிறது என்று கேட்டால், "சாக்பீஸைத் தேய்ச்சுப் பாருங்க, தெரியும்" என்பார்.

அவர் டீச்சர் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ரவுண்டு ரோட்டுப் பக்கம் ஒரு அறையில் பள்ளிச் சீருடை தைக்கிறார். ஆனால் நோட்டும் பேனாவுமாக ஊருக்குள் நுழைகிற பெண் யாராக இருந்தாலும் சுற்றுப்பட்டிகளில் டீச்சர்தான். எரியோட்டிலிருந்து சாணார்பட்டி வரைக்கும் விசில் டீச்சர் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பதினேழு வயதில் சாரணியர் படையில் சேர்ந்தவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு பைசா சம்பளம் வாங்கியதில்லை. "இதுல உங்களுக்கு என்னதான் கிடைக்குது?" என்று உறவுக்காரர் ஒருத்தர் கேட்டுவிட்டார். "வாயில நல்லா வருது. ஞாயித்துக்கிழமையாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஷூவின் கயிற்றை இறுக்கினார்.

அவரிடம் தைத்த பாவாடையை உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் நான்கு விரற்கடை மடிப்பு, இடுப்பில் இரண்டு விரற்கடை. "மூணு வருசத்துக்கு வளர இடம் விட்டுருக்கேன். வருசாவருசம் பிரிச்சு விட்டுக்கிட்டே போ" என்று தாய்மாரிடம் சொல்லித்தான் கொடுப்பார். துணிக்கடைக்காரர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

அதற்காக அவரைப் புனிதையாக்கி மாலை போட வேண்டாம். முன்கோபக்காரி. வேண்டாதவர் வீட்டுச் சாவுக்குப் போனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தேவைப்பட்டால் பொய்யும் சொல்வார். பெரிதாக ஒரு பொய்யைச் சொன்னார். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சாணார்பட்டிக்குக் கிழக்கே நான்கைந்து சின்னப் பட்டிகள். ஒன்றிலும் அப்போது பால்வாடி கிடையாது. விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிற பெண்கள் நடை பழகிய பிள்ளைகளை வரப்பில் உட்காரவைத்துவிட்டுச் செடிக்குள் இறங்குவார்கள். தொண்ணூற்று நாலாம் வருஷம் வைகாசியில் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்து செத்துப்போனது. அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய வியாகுலம்மாளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்றே, மூன்று வயது தாண்டிய பிள்ளைகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் முன்னால் நிறுத்தினார்.

"அஞ்சு வயசு ஆகணும்மா. காது தொடணும்ல" என்றார் அவர். பிறப்புச் சான்று இல்லாத ஊர்களில் அதுதான் கணக்கு. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது. வியாகுலம்மாள் ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் இடது கையால் லேசாகச் சாய்த்துப் பிடித்தார். எல்லாப் பிள்ளைகளும் காதைத் தொட்டார்கள். தலைமையாசிரியர் நல்ல மனுஷன், அந்நேரம் பார்த்துச் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கத் திரும்பிக்கொண்டார்.

விண்ணப்பங்களில் பிறந்த தேதியை வியாகுலம்மாள் தன் கையாலேயே எழுதினார். அந்த ஒரு ஜூனில் இருபத்தாறு பிள்ளைகள். மல்லிகை பறிக்கிற ஒச்சாயியின் மகள் கௌசல்யாவுக்கு அன்றைக்கு மூன்றே முக்கால் வயது, தாளில் ஐந்து. பிள்ளைகளுக்கு மேலே கூரையும் மத்தியானம் சத்துணவும் கிடைத்தன. பாவாடைக்கு வைக்கிற மடிப்பை அவர் வயதுக்கும் வைத்துவிட்டார். அதை ஒருநாள் இன்னொருத்தன் பிரித்துப் பார்ப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாயிரத்து மூன்று, மே மாதம். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் கௌசல்யாவின் இடம் காலியாக இருந்தது. ஒன்பதாவது முடித்திருந்த பிள்ளை, வகுப்பிலேயே குள்ளம், முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரி. பிற்பகல் பஸ்ஸில் வியாகுலம்மாள் பட்டிக்குப் போய் இறங்கினார்.

வீட்டில் கருப்புசாமி உட்கார்ந்திருந்தான். நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிற ஏஜென்ட். மூன்று வருஷம் மில் ஹாஸ்டலிலேயே தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருவார்கள். வேன் புதன்கிழமை வருகிறது.

"கண்ணை மூடித் தொறந்தா மூணு வருசம் முடிஞ்சிரும் டீச்சர்" என்றாள் ஒச்சாயி. "போன மாசம் பக்கத்துப் பட்டியில ஆறு பிள்ளைக போயிருக்குக. அப்பன் இல்லாத பிள்ளைக்கு நான் எங்க போய்ச் சீர் சேக்க?"

கதவுக்குப் பின்னாலிருந்து கௌசல்யா, "எனக்குப் போக மனசில்ல டீச்சர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"பச்சைப்பிள்ளையடா இது" என்று வியாகுலம்மாள் கருப்புசாமியிடம் சீறினார். அவன் சட்டைப்பையிலிருந்து பள்ளிச் சான்றிதழின் நகலை எடுத்து மரியாதையாகவே நீட்டினான். "பதினாலு முடிஞ்சிருச்சு டீச்சரம்மா. நானா சொல்றேன்? சர்ட்டிபிகேட்டு சொல்லுது." பதினாலு முடிந்தால் மில்லுக்குச் சட்டம் குறுக்கே வராது. வியாகுலம்மாள் தேதியைப் பார்த்தார். அவர் எழுதிய தேதி.

அன்றிரவு வியாகுலம்மாளின் வீட்டில், கணவர் கிளெமென்ட், லாரி புக்கிங் ஆபீசில் ரிட்டயர் ஆனவர், விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார். காரணம் உண்டு. மாவட்டத்தில் புதிதாக அமையப்போகும் குழந்தைகள் நலக் குழுவுக்கு வியாகுலம்மாளின் பெயர் போயிருந்தது. ஆர்டர் இன்றோ நாளையோ என்று இருந்தது. அந்த நாற்காலிக்கு அவர் ஆசைப்பட்டார் என்பது உண்மை. முப்பத்தைந்து வருஷமாக ஒவ்வொரு ஆபீசிலும் நின்றுகொண்டே மனுக் கொடுத்தவர். ஒருதடவையாவது உட்கார்ந்து பேச வேண்டும் என்று இருந்தது.

"நீ எழுதுனதுன்னு யாருக்குத் தெரியும் வியாகுலம்? எட்மாஸ்டரும் போய்ச் சேந்துட்டாரு. ஆர்டர் வரட்டும். கமிட்டியில உக்காந்துக்கிட்டு நூறு பிள்ளையக் காப்பாத்து."

"வேன் புதன்கிழமை வருதுங்க."

"கேஸு கீஸுன்னு இழுத்தா என்ன செய்வ?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்காக? இந்தப் பிள்ளைய ஏத்தி அனுப்பிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போயி உக்கார?" தட்டில் வைத்த இட்லி தட்டிலேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மாவட்டச் சமூகநல அதிகாரியின் அறை. வியாகுலம்மாளின் பெயரைக் குழுவுக்குச் சிபாரிசு செய்த அதே அம்மாள்தான். சொல்லியனுப்பியதால் ஒச்சாயியும் கௌசல்யாவும் வந்திருந்தார்கள். கருப்புசாமி சலவைச் சட்டையில் வந்திருந்தான். அதிகாரி நகலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஸ்கூல் ரெக்கார்டு தெளிவா இருக்கேம்மா. இதை வச்சுக்கிட்டு நான் எப்படித் தடுக்கிறது?"

"அது பொய், மேடம். எழுதுனவ நான்தான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"நல்லாத் தெரியும். பள்ளிக்கூடத்துல பழைய விண்ணப்பம் இருக்கும், என் கையெழுத்தோட ஒத்துப் பாருங்க. மூணே முக்கால் வயசுப் பிள்ளைய அஞ்சுன்னு எழுதுனேன். அன்னைக்குக் கிணத்துக்குப் பயந்து எழுதுனேன். இன்னைக்கு மில்லுக்குப் பயந்து சொல்றேன். வெக்கமெல்லாம் இல்ல. கேஸு போடணும்னா போடுங்க."

ஒச்சாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "புரட்டாசியில பொறந்தவ, சாமி. இப்பத்தான் பதிமூணு நடக்குது. பெத்தவ நானே வாயை மூடிக்கிட்டு நின்னேன்" என்று உடைந்து அழுதாள். கௌசல்யா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் எலும்புச் சோதனை செய்து வயதை உறுதிப்படுத்தும் வரை பிள்ளையை எந்த வேலைக்கும் அனுப்பக்கூடாது. ஜூனில் பள்ளிக்குப் போக வேண்டும். கையெழுத்துப் போட்டபின் நிமிர்ந்தார். "உங்க பேரை இனிமே நான் கமிட்டிக்கு எழுத முடியாதும்மா."

"எழுதாதீங்க மேடம்" என்றார் வியாகுலம்மாள். குரல் என்னவோ கணீரென்றுதான் வந்தது. கைதான் விசில் கயிற்றைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. வலிக்காமலா இருக்கும்?

கருப்புசாமி அத்தோடு போயிருக்கலாம். ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லத்தான் வியாகுலம்மாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வாசல் வரைக்கும் போனவன் திரும்பி, "இந்தம்மா இன்னும் எத்தனை பிள்ளைக்கு இப்படிப் பொய் எழுதிக் குடுத்துச்சோ, அதையும் கேளுங்க மேடம்" என்றான்.

அதிகாரி வியாகுலம்மாளைப் பார்த்தார். வியாகுலம்மாள் கருப்புசாமியைப் பார்த்தார்.

"இருவத்தாறு" என்றார். "ஏலே, நல்லாக் கேட்டுக்க. இருவத்தாறு பிள்ளைக. அதுல ஆறுதான் போன மாசம் நீ வேன்ல ஏத்திக்கிட்டுப் போனது. சுந்தரம்மாள் மக, பால்காரர் பேத்தி, மேலத்தெரு ரெட்டைப் பிள்ளைக, எல்லாம் என் கைப்பட எழுதுனதுதான். ஒண்ணுக்கும் பதினாலு ஆகல. எந்தப் பிள்ளை எந்த மழைக்குப் பொறந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

கருப்புசாமி வாசல் பக்கம் நகர்ந்தான். அதிகாரி மணியை அடித்து, அவனை வெளியே போக விடாதே என்று பியூனிடம் சொன்னார்.

வியாகுலம்மாள் மேசைக்கு முன்னால் கிடந்த நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. "பேப்பர் குடுங்க மேடம். செத்த நேரம் ஆகும்." பிள்ளையின் பெயர், தாயின் பெயர், தான் எழுதிய தேதி, நிஜமாகப் பிறந்த மாதம் என்று நிதானமாக எழுதத் தொடங்கினார். முதல் தாளின் அடிவரைக்கும் எழுதி முடித்ததும், தலையை நிமிர்த்தாமலே, அடுத்த தாளுக்காக இடது கையை நீட்டினார்.