பன்னிரண்டு நாற்பதுக்குக் கேட்ட ஸ்பேனர் சத்தம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. காரைக்குடி செக்காலையில், 1996 செப்டம்பர் பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை ஆரம்பித்து, இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை முடிந்தது. ஐந்து நாள். ஐந்து நாளும் பட்டப்பகலில். "ராத்திரியில நடந்திருந்தா ஏதோ பிரமைன்னு விட்டுருப்பேன்" என்று அடைக்கலமேரியே சொல்வாள்.

அவளுக்கும் ஃபெலிக்ஸுக்கும் கல்யாணமாகி அப்போது இரண்டு வருடம். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஃபெலிக்ஸ் தேவகோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். காலை எட்டு இருபது பஸ்ஸில் போனால் சாயங்காலம் ஆறுக்குத்தான் திரும்புவான். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய வண்டி. அந்த ஜூன் மாதம் நாச்சியாபுரத்தில் தெரிந்த குடும்பத்து மீனலோசனி ஆச்சி வீட்டில், தட்டுமுட்டுச் சாமான் போடும் உக்கிராண அறையிலிருந்து ஒரு சீமை மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து சேர்த்தான். வண்டி என்று சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. துருப்பிடித்த ஒரு கூடு. அதோடு இரண்டு சாக்கு மூட்டை. இஞ்சினும் கியர்பாக்ஸும் அக்கு வேறு ஆணி வேறாக அந்த மூட்டைகளில் கிடந்தன.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சிமெண்டுத் தரையில் பழைய பேப்பரை விரித்து ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைத்தான். சிலிண்டரை மதுரைக்குக் கொண்டுபோய் லேத்தில் கடைந்து வாங்கி வந்தான். புது பிஸ்டன், புது ரிங். இஞ்சின் ஒரு வழியாக உருவாகிவிட்டது. கியர்பாக்ஸ்தான் படியவில்லை. எத்தனை முறை பூட்டினாலும் மூன்றாவது கியர் விழும்போது நான்காவதும் கூடவே விழுந்து, மொத்தமும் இறுகிப்போகும். கழற்றுவான். பூட்டுவான். திரும்பவும் இறுகும்.

"நான் இல்லாதப்ப கொட்டகைக் கதவத் தொறந்துராத மேரி. தூசி பட்டாப் போச்சு" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தான்.

செப்டம்பரில் காலாண்டுப் பரீட்சை வந்தது. ராத்திரியில் கொட்டகைப் பக்கம் போக ஃபெலிக்ஸுக்கு நேரமில்லை.

செவ்வாய்க்கிழமை மேரி குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்து சத்தம் கேட்டது.

டிங்... டிங்... சிமெண்டுத் தரையில் ஸ்பேனரை வைக்கிற சத்தம்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு நாற்பது. பரீட்சை நேரம், அரை நாளோடு வந்துவிட்டான் போல என்று நினைத்தாள். வீட்டுக்குள் வராமல் பக்கத்துச் சந்து வழியாக நேரே கொட்டகைக்குப் போவது அவன் வழக்கம்தான்.

கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். "எப்ப வந்தீக? சாப்பிட வாரீகளா?"

உள்ளே சத்தம் நின்றது. தொண்டையைச் செருமுகிற ஒலி. பிறகு அடங்கின குரலில், "ம்... இந்தா வாரேன்."

வரவில்லை. கையெல்லாம் அழுக்காக இருக்கும் என்று சோற்றைத் தட்டில் போட்டு மூடிக் கதவோரம் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றேகாலுக்குப் பார்த்தபோது தட்டு காலியாக இருந்தது. கொட்டகையில் சத்தமில்லை. திரும்பவும் எங்கேயோ போய்விட்டான் என்று தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள்.

புதன்கிழமையும் அதே பன்னிரண்டு நாற்பது. அதே சத்தம். அதே "இந்தா வாரேன்." அன்றைக்கும் தட்டு காலி.

அன்று ராத்திரி ஃபெலிக்ஸ் நாலு தோசைக்கு மேல் இன்னும் இரண்டு கேட்டான். "மத்தியானம் வெறும் டீயோட சரி. செம பசி" என்றான்.

மேரி கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டாள். வேடிக்கை பண்ணுகிறான் என்று விட்டுவிட்டாள். ஆனாலும் படுத்த பிறகு ஒரு கணக்கு மனதில் ஓடியது. பரீட்சை முடிவதே பன்னிரண்டரைக்கு. தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வர முக்கால் மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் எப்படி வந்தான்?

வியாழக்கிழமை. பன்னிரண்டு நாற்பது.

அன்று இவள் போய்க் கூப்பிடுவதற்கு முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது. கொஞ்சலான குரல்.

"அன்னக்கிளி... அந்த மண்ணெண்ணெய எடுத்தா."

மேரிக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தட்டை வைக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து சாயங்காலம் வரை அழுதாள். ஆறு மணிக்கு அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள்.

"யாரு அன்னக்கிளி?"

"எந்த அன்னக்கிளி?"

"மத்தியானம் வாய் நெறயக் கூப்பிட்டீகளே. அவதான்."

"மத்தியானமா? நான் எங்க வந்தேன்?"

"மூணு நாளா வாரீக. சோறு திங்கிறீக. இப்ப வரலைங்கிறீகளா?"

ஃபெலிக்ஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பையைக் கீழே வைத்தான். "மேரி, மாதா மேல சத்தியம். திங்கக்கெழமையில இருந்து நான் மத்தியானம் இந்த ஊருக்குள்ளயே கால் வைக்கல. ஹால்ல கண்காணிப்பு. முடிச்சு நாலு மணி வரைக்கும் பேப்பர் திருத்துறேன். வேணும்னா ஹெட்மாஸ்டரக் கேளு."

அவன் மாதாவின் பேரில் பொய்ச் சத்தியம் பண்ணமாட்டான். அது அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் பயம் வந்தது.

இரண்டு பேரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். சாமான் ஒன்றும் களவு போகவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் பிரித்துப் போட்டிருந்த கியர்பாக்ஸ், பூட்டி முடித்து நடுவில் நின்றது. ஃபெலிக்ஸ் கியரைப் போட்டுப் பார்த்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. வெண்ணெய் மாதிரி விழுந்தது. மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். ஷாஃப்டின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு பித்தளை வாஷர் பளபளத்தது.

"இது எங்கிட்ட இல்ல மேரி. ரெண்டு மூட்டையிலயும் இது கெடையாது."

அவன் குரலில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

வெள்ளிக்கிழமை காலை ஃபெலிக்ஸ் கொட்டகைக்குப் பெரிய பூட்டாகப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போனான். மேரி பதினொன்றிலிருந்தே ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு முப்பத்தெட்டு. ஒன்றுமில்லை.

பன்னிரண்டு முப்பத்தொன்பது. ஒன்றுமில்லை.

டிங்...

பூட்டு பூட்டியபடி தொங்கியது. தகரத்தில் ஒரு ஆணி ஓட்டை. அதில் கண்ணை வைத்தாள்.

உள்ளே யாரும் இல்லை. ஸ்பேனர் தரையில் கிடந்தது. இஞ்சின் மேல் ஒரு நட்டு மட்டும்... தானாக... மெதுவாகச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அது நின்றது. ஓட்டைக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மேரி ஓடியவள் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா வீட்டில்தான் நின்றாள். சாயங்காலம் ஃபெலிக்ஸ் வந்து கூப்பிடும்வரை வீட்டுப் பக்கமே திரும்பவில்லை.

பூட்டைத் திறந்தார்கள். இஞ்சினையும் கியர்பாக்ஸையும் வண்டிக் கூட்டில் ஏற்றிப் பூட்டியிருந்தது. இரண்டு ஆள் பிடித்தாலும் ஏற்றச் சிரமப்படுகிற கனம். செயின்கூட மாட்டியாயிற்று.

"இத ஆச்சி வீட்டுலயே கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க. எனக்கு வேணாம்" என்று மேரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு லீவு. நானும் வீட்டுல இருக்கேன். என்னன்னு பாத்துருவோம்."

"அப்ப நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

"ஒரே ஒரு நாள் மேரி."

அவன் கண் வண்டி மேலேயே இருந்தது. அவனைத் தனியாக விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை. நல்ல வெயில். தெருவில் உப்புக்காரன் கூவிக்கொண்டு போனான். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு இரண்டு பேரும் கொட்டகை வாசலில் நின்றார்கள். பூட்டை அவன் முன்கூட்டியே எடுத்துவிட்டான். கதவு சும்மா சாத்தியிருந்தது.

பன்னிரண்டு நாற்பது.

ஸ்பேனர் சத்தம் இல்லை.

க்ரக்...

கிக்கரை மிதிக்கிற சத்தம்.

ஃபெலிக்ஸ் கதவைத் தள்ளினான். அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாளே கிடையாது. தோளால் முட்டினான். சுவரில் முட்டுகிற மாதிரி இருந்தது.

க்ரக்...

"டேங்கே இல்லையே மேரி..." அவன் திரும்பிப் பார்த்தான். "டேங்க் பெயிண்ட் கடையில கெடக்கு. பெட்ரோல் ஏது?"

க்ரக்... டப்.

டப்... டப்... டப்... டப்...

இஞ்சின் ஓடியது.

தகரம் முழுக்க அதிர்ந்தது. கிளட்ச் பிடிக்கிற சத்தம். ஒன்றாவது கியர். இரண்டாவது. மூன்று... நான்கு. ஒரு இடத்திலும் சிக்கவில்லை. திரும்ப ஒவ்வொன்றாக இறங்கியது.

அப்புறம் அந்தக் குரல்.

"ஏறு, அன்னக்கிளி."

கதவு தானாகத் திறந்தது. ஒரு சாண்தான். உள்ளே புகை. ஒன்றும் தெரியவில்லை.

"ஏறு... இந்தத் தடவ ஒண்ணும் ஆகாது."

மேரியின் வலது கால் முன்னால் போனது. அவள் எடுத்து வைக்கவில்லை. அது போனது.

இடது கால்.

ஃபெலிக்ஸ் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான். அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவள் கால் நகர்ந்தது.

வாசற்படி.

வாய் வரவில்லை... மாதாவே...

"நான்..."

"நான் அன்னக்கிளி இல்ல!" என்று கத்தினாள். "நான் மேரி! நான் வேற பொம்பள!"

டப்... டப்...

டப்.

நின்றது.

உள்ளே யாரோ நீளமாக ஒரு மூச்சு விட்டார்கள். அழுகை மாதிரியும் இருந்தது. அப்படி இல்லாத மாதிரியும் இருந்தது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. தெருமுனையில் உப்புக்காரன் குரல் மட்டும் கேட்டது.

ஃபெலிக்ஸ் உள்ளே போனான். ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்சக்கரம் மட்டும் ஓய்ந்துபோய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் சிலிண்டரைத் தொட்டுவிட்டு "ஆ" என்று கையை உதறினான். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மணி அப்போது பன்னிரண்டு நாற்பத்தேழு.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்த கையோடு இரண்டு பேரும் நாச்சியாபுரத்துக்குப் பஸ் ஏறினார்கள். மீனலோசனி ஆச்சி, ஃபெலிக்ஸின் கைக்கட்டைப் பார்த்தார்கள். மேரியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆச்சி, அன்னக்கிளின்னு யாரும் இருந்தாகளா?" என்றாள் மேரி.

ஆச்சி எழுந்தார்கள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

"வண்டி எங்க அப்பச்சியோடது, என்னைப் பெத்த அப்பாவோடது. இராமுன்னு ஒரு மெக்கானிக்குத்தான் அதைப் பாப்பான். அன்னக்கிளி அவன் பொஞ்சாதி. அறுபத்திரெண்டுல இஞ்சினு, கியர்பாக்ஸு எல்லாத்தையும் இறக்கி வேலை பாத்தான். முடிச்ச அன்னைக்கே ஓட்டிப் பாக்கணும்னு அவளையும் பின்னால ஏத்திக்கிட்டுக் கல்லலுக்குக் கெளம்பிட்டான். அவசரத்துல உள்ள ஏதோ ஒண்ண மாட்டாம விட்டுட்டான் போல. போற போக்குல கியர் பூட்டிக்கிருச்சு. தூக்கி அடிச்சிருச்சு. நல்ல உச்சி வேளை. அவ அங்கனயே போயிட்டா. அப்பச்சிதான் வண்டிய அக்கக்காக் கழட்டிச் சாக்குல போடச் சொன்னாக. இனி யாரும் இதுல ஏறக்கூடாதுன்னாக. நான்தான் புத்தி கெட்டுப்போய் உங்களுக்குக் குடுத்துட்டேன்."

"இராமு எப்ப இறந்தாரு ஆச்சி?" என்று ஃபெலிக்ஸ் கேட்டான்.

"இராமுவா? அவன் எங்க செத்தான்! தண்டுவடம் போயி, கைகால் வெளங்காமப் படுத்த படுக்கையா முப்பத்தி நாலு வருசமா உசுரோடதான் கெடக்கான். சிவகங்கையில மகன் வீட்டுல."

திங்கட்கிழமை ஃபெலிக்ஸ் லீவு போட்டான். இரண்டு பேரும் விலாசம் கேட்டு சிவகங்கைக்குப் போனபோது அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. இராமு சனிக்கிழமை இறந்துபோயிருந்தார். மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு.

அவரை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டவள் மருமகள் முத்தழகு. மேரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முத்தழகுதான் தானாகப் பேசினாள்.

"மாமாவுக்குக் கைவெரல் அசைஞ்சு நான் பாத்ததே இல்லக்கா. ஈ உக்காந்தாக்கூட நான்தான் ஓட்டணும். ஆனா செவ்வாக்கெழமையில இருந்து ஒண்ணு நடந்துச்சு. சொன்னா எங்க வீட்டுக்காரரே நம்பல. மத்தியானம் உடம்பு தொடச்சு விடப் போனா பத்து நகத்துலயும் கறுப்பா கிரீஸு. ஒரே மண்ணெண்ணெய் வாட. சோப்புப் போட்டுச் சுத்தமா எடுத்து விடுவேன். மறுநாள் மத்தியானம் திரும்பவும் அப்பிடியே இருக்கும். கடைசி நாளு எவ்வளவோ தேச்சுப் பாத்தேன்க்கா, போகவே இல்ல. அப்பிடியேதான் தூக்குனோம்."