பதினேழு வாசல் உப்பு

புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, பெனடிக்ட் டிரம்பெட் ஊத, ஏஞ்சல் மேரி வீட்டைவிட்டுக் கிளம்பினாள்.

வில்லியனூர் பக்கத்தில் அவர்கள் தெருவுக்குள் சங்கராபரணித் தண்ணீர் புகுந்து முழங்காலைத் தொட்டிருந்தது. அநேகமாக எல்லாரும் பள்ளிக்கூட முகாமுக்குப் போயாயிற்று. பதினொரு வயது ஏஞ்சல் மேரி மட்டும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு கிடையாது, பிடிவாதம் உண்டு. கேட்காமல் தூக்க வந்த மீட்புப்படைக்காரரின் கையில் பல் பதித்திருந்தாள்.

"மாதா தேர்பவனி பேண்டு கேட்டாதான் சார் தானா எறங்குவா," என்றாள் அம்மா இன்பமேரி. "பெனடிக்ட் அண்ணன இட்டுனு வாங்க."

பெனடிக்ட் மோட்டார் மெக்கானிக். மாதா கோயில் பேண்டில் இருபத்திரண்டு வருடமாக இரண்டாவது டிரம்பெட். அதாவது, அருள்தாஸ் பாட்டை வாசிக்க, இவர் இடையிடையே 'பே' என்பார். முழுப்பாட்டு அவருக்குத் தெரியாது. அருள்தாஸோ மதகடிப்பட்டில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. பெனடிக்ட் கண்ணை மூடிக்கொண்டு வெறும் 'பே'யையே ஊதினார். கன்றைத் தேடும் எருமை போலிருந்தது. ஏஞ்சல் மேரி இறங்கினாள்.

பக்கத்து வீட்டு வாசலில் நின்றுவிட்டாள்.

"இன்னாமா நிக்கிறா? தண்ணி ஏறுது," என்றார் கடிபட்டவர்.

"தேர் வாசலுக்கு வாசல் நிக்கும் சார். வூட்டுக்காரங்க உப்பு, மெளகு எறச்சாதான் நகரும்," என்றார் பெனடிக்ட்.

வீடோ பூட்டிக் கிடந்தது. எதிரே மளிகைக்கடை நவநீதன் மூட்டைகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"யோவ், வெள்ளத்துல யாருக்குய்யா உப்பு?" என்றபடியே பாக்கெட்டோடு இறங்கி வந்தார். பதினேழு வாசலுக்கும் அவரே வீட்டுக்காரர். மிளகை மட்டும் நாலு நாலாகத்தான் போட்டார்.

"கொஞ்சம் தாராளமா போடுய்யா."

"நீ மொதல்ல பாட்ட ஒயுங்கா வாசி."

பின்னால் மீட்புப்படையினர் காலிப் படகைத் தள்ளிக்கொண்டு பவனியில் வந்தார்கள். முகாம் வாசற்படி ஏறிய ஏஞ்சல் மேரி, ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்தாள். உதடு வீங்கிய பெனடிக்ட், மூன்று நாள் டீயை ஸ்ட்ரா போட்டுக் குடித்தார்.

அடுத்த அக்டோபரில், கரையாம்புத்தூரில் ஒரு போர்வெல் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்த அவருக்கு இன்பமேரியின் வாட்ஸ்அப் வந்தது:

"அண்ணா, இன்னிக்கு வெள்ள ஒத்திகை. டவுன்லேர்ந்து பேண்டு செட்டு வரவச்சாங்க. சூப்பரா வாசிச்சாங்க. பாப்பா அசையல. அதிகாரிங்க எல்லாம் ஒக்காந்துனு கீறாங்க. சீக்கிரம் வா."