கேபிள் முனையில் சந்தனம்

எண்பதுகளின் கடைசி. மலேசியாவின் பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் இடையே தொடர்பு அறுந்துபோனதும், என் கணவர் பழுதுபார்க்க ஒருவரை அழைத்து வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் சிறு சிலுவை. நெட்வொர்க் கார்டைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வருவார். உடம்பிலுள்ள மின்சாரம் கார்டைக் கெடுத்துவிடுமாம்.

முந்தின நாள் ஆயுத பூஜை. கேபிளைக் கழற்றி, அதன் முனையில் சந்தனம் வைத்து மாட்டியது நான்தான். என் கணவரின் கோபம் வாயோடு நிற்காது.

வந்தவர் கார்டை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. பிறகு கேபிளைக் கழற்றினார். முனைக்குள் ஈரமாக மஞ்சள் நிறச் சந்தனம்.

"யாரு இதுல கை வச்சா?" என் கணவர் கத்தினார்.

வந்தவர் கையிலிருந்த திருப்புளி நழுவி விழுந்தது.

"யாரும் கை வைக்கல லா, தம்பி. பழைய சாமான், துரு ஏறியிருக்கு," என்று கைக்குட்டையால் துடைத்து மாட்டினார். திரையில் கோப்புகள் வந்தன.

வாசலில் செருப்பை மாட்டும்போது, "அடுத்த வருஷம் சந்தனத்தப் பெட்டி மேல வைம்மா," என்றார் என்னிடம் மெல்ல. உள்ளே என் கணவரின் குரல் உயர்ந்ததும் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

அவர் யாருடைய கத்தலுக்குப் பயந்து வளர்ந்தாரோ, நான் கேட்கவில்லை.