குழாயடியில் என்னைத் தள்ளியது யார்?

போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள். கண்டியில் பாலத்துக்குப் பாலம் சோதனைச் சாவடி இருந்த சமயம். நான் நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் ஓர் இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்து, கொழும்பில் தயாரான ஒரு தமிழ்த் தொலைக்காட்சித் தொடருக்குக் கதை வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். பேய்த் தொடர். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு பழைய தோட்டத்துப் பங்களாவுக்கு மருமகளாக வருகிறாள் ஒரு பெண். அங்கே முன்பு செத்துப்போன ஒருத்தியின் ஆவி அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கிறது. இதில் என்ன பெரிய கற்பனை என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கும் தெரியும்.

தொடர் எழுதுவது என்றால் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து யோசிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் முப்பது பக்கம். இடையிடையே கார்பன் தாள் வைத்து மூன்று பிரதிகள். கடைசிப் பிரதியிலும் எழுத்துத் தெரிய வேண்டுமென்றால் பேனையை அழுத்து அழுத்தென்று அழுத்த வேண்டும். எழுதியதைக் காலை பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டால், மத்தியானம் கொழும்பில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார். ஒரு நாள் பிந்தினாலும் அங்கே நடிகர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இயக்குநர் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் எடுத்துக் கத்துவார்.

வீட்டில் மேசை கிடையாது. எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக் கலவரத்தில் என் அப்பா வீட்டுச் சாமான்களை முழுக்கத் தெருவில் இழுத்துப் போட்டு எரித்தார்கள். அலுமாரி, மேசை, கதிரை எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில், தூக்கிக்கொண்டு ஓட முடியாத எதையும் யாரும் வாங்கவில்லை. கல்யாணமாகி வந்த இடத்திலும் அதே வழக்கம்தான். என் கணவர் வீடும் அதே வருடம் எரிந்த வீடு. ஆகவே பாய்கள், இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் பிறப்புச் சான்றிதழ்கள், கல்யாணப் பதிவு, கணவர், மகள், மாமியார், நான் என்று ஆளுக்கு இரண்டு உடுப்பு. எப்போதும் கட்டித் தயாராக இருக்கும். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெட்டியின் மூடி மேல் தாளை வைத்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் எழுதினேன்.

தொடங்கும்போதே இயக்குநர் சொல்லிவிட்டார். "மேடம், ஆவிய காட்ட நமக்கு வசதி இல்ல. அது வந்திருக்குன்னு அந்தப் பொண்ணோட உடம்புலதான் தெரியணும்." சரி என்றேன். யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில் என் உடம்பில் அந்த வாரம் நடந்ததையே எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு நாள் சாமி விளக்கைத் தூண்டக் குனிந்தபோது, பிடரியில் இருந்து குதிகால் வரை கரண்ட் மாதிரி ஒன்று ஓடியது. நிமிர்ந்ததும் நின்றுவிட்டது. மறுபடி குனிந்தேன், மறுபடி ஓடியது. பயத்தைவிட எனக்கு உற்சாகம்தான் அதிகம். அன்றைக்கே எழுதினேன். அவள் தலை குனியும் போதெல்லாம் யாரோ முதுகில் விரலால் கோடு இழுக்கிறார்கள். இயக்குநர் போனிலேயே கைதட்டினார். இன்னொரு நாள் பஸ் தரிப்பிடத்தில் இருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. திரும்பிப் போனேன். பனிமூட்டத்துக்குள் வழி நடுவில் அது மட்டும் தனியாகக் கிடந்தது, நான் வந்த வழியையே பார்த்தபடி. அதையும் எழுதினேன். சேலைக்கு ஊசி குத்த விரல்கள் சொன்னபடி கேட்காமல் போனதையும் எழுதினேன். சனங்கள் பயந்தார்கள். தொடர் ஓகோ என்று போனது.

பிறகுதான் முறை மாறத் தொடங்கியது. ஒரு பகுதியில், தேத்தண்ணீர்க் கோப்பை அவள் கையில் இருந்து நழுவி விழுகிறது, அவளோ இன்னும் பிடித்திருப்பதாகவே நினைத்து வெறும் கையை வாயருகே கொண்டு போகிறாள் என்று எழுதினேன். இது மட்டும் எனக்கு நடந்ததில்லை. முழுக்கக் கற்பனை. நாலாம் நாள் காலையில் என் கையில் இருந்த கோப்பை கீழே கிடந்தது. என் கை உதட்டருகே இருந்தது.

அன்றில் இருந்து பேனையைத் தொடவே பயம். நடந்ததால் எழுதுகிறேனா, எழுதியதால் நடக்கிறதா என்று தெரியவில்லை. எழுதி முடித்த பக்கங்களைப் பார்த்தால் பாதிக்குப் பிறகு எழுத்து என்னுடையது மாதிரி இல்லை. கோணல் மாணலாக, யாரோ இடது கையால் எழுதியது போல. மாமியார் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தார். "கண்டதையும் எழுதாதன்னு சொன்னா கேக்குறியா? நீ கூப்பிட்ட, அது வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்க் கயிறு வாங்கி வந்து கட்டினார். படித்தவள் நான், கையை நீட்டிக் கட்டிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. குளியலறைக் குழாயடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால், பின்னால் இருந்து யாரோ தள்ளினார்கள். கண்ணைத் திறந்தால் ஒருவரும் இல்லை. எழுதினால் அது இன்னும் பலமாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை காலை அப்படித் தள்ளியதில் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் நெற்றி மோதி இரத்தம் வந்தது. குளியலறைக் கதவு உள்ளே கொக்கி போட்டபடியே இருந்தது. வழுக்கிவிட்டது என்று என் கணவரிடம் பொய் சொன்னேன்.

அன்று மத்தியானம் கொழும்பு பஸ்ஸில் நேயர் கடிதங்கள் ஒரு கட்டு வந்து சேர்ந்தன. நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்று கொப்பித் தாளில், பெரிய பெரிய எழுத்தில் இருந்தது. மடவளையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெண்மணி எழுதியது.

"அந்தப் பிள்ளைக்குப் பேயுமில்லை, ஜின்னுமில்லை. அது கழுத்து எலும்பில் உள்ள வருத்தம். எனக்கும் இப்படித்தான் வந்தது. ஆனால் கண்ணை மூடி முகம் கழுவும்போது பின்னால் இருந்து தள்ளுமே, அதை மட்டும் ஏன் இன்னும் காட்டவில்லை? அதுவும் வந்துவிட்டது என்றால் நாள் கடத்த வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்."

 தாளைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் குளியலறைக் கதவைப் பார்த்தேன். வாசலைப் பார்த்தேன். நான் யாருக்கும் சொல்லாத ஒன்று, ஆறேழு மைல் தள்ளி ஒரு தையல் கடையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? கழுத்து எலும்பு என்ற வார்த்தை அப்போது என் மூளையில் ஏறவே இல்லை.

மறுநாள் காலை, எட்டு மணி போல, தனியாக மடவளை பஸ் ஏறினேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே வழக்கம் போல எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து கடக்க வேண்டும். வெற்று பஸ் பின்னால் வரும். ஆற்றில் இருந்து பனி எழும்பிப் பாலத்தில் பாதியைக் காணவில்லை. என் அட்டை கைப்பைக்குள் இருந்தது. எடுக்கத் தலையைக் குனிந்தேன்.

கரண்ட் ஓடியது. "நவத்தின்ன!" என்று சிங்களத்தில் ஒரு சத்தம். நில் என்று சொல்கிறார்கள், எனக்கு நன்றாகவே புரிந்தது. நிற்கத்தான் நினைத்தேன். கால்கள் நிற்கவில்லை. மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று அவை தாமாகவே சிப்பாய்கள் பக்கம் போயின. பைக்குள் கை, நெற்றியில் காயம், சொல்லியும் நிற்காமல் வருகிற ஒரு தமிழ்ப் பெண். அந்த நாட்களில் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேரே உயர்ந்தது. பின்னால் வந்தவர்கள் அப்படியே விலகிவிட்டார்கள். என் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன், வரவில்லை.

பாலத்துக் கம்பி கைக்கு அகப்பட்டது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். ஒரு செருப்பு நாலடி பின்னால் கிடந்தது. அவன் துப்பாக்கியைத் தாழ்த்தி, "அசனீபத?" என்றான். சுகமில்லையா என்று கேட்கிறான். தலையை ஆட்டினேன். பையைக் கிளறிப் பார்த்துவிட்டு, செருப்பைத் தன் சப்பாத்தால் மெதுவாகத் தள்ளி என் காலருகே கொண்டுவந்து விட்டான். 

மடவளையில் பள்ளிவாசலுக்கு நாலு கடை தள்ளி அந்தத் தையல் கடை. நான் வீதியைக் கடந்து வரும்போதே மெஷினை நிறுத்திவிட்டு என் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். முக்காட்டுக்குக் கீழே கழுத்தில் தடித்த பட்டி. நான் வாயைத் திறக்கவே இல்லை.

"நீங்கதானே அத எழுதுற?" என்றார்.

அழுதுவிட்டேன். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, கையை நீட்டச் சொன்னார். "வெரசா மூடித் தொறங்க பாப்பம்." மூடினேன். திறக்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக, வேண்டா வெறுப்பாகப் பிரிந்தன. அவர் தன் கையை நீட்டிச் செய்து காட்டினார். அதுவும் கொஞ்சம் மெதுவாகத்தான் திறந்தது.

"எனக்கும் இப்புடித்தான் ஈந்திச்சி. நானும் ஒரு வருஷம் ஓதின தண்ணி குடிச்ச. கடைசில ஆஸ்பத்திரில கழுத்துல வெட்டினாங்க. நாடகத்தப் பாத்த ஒடனே எனக்கு வெளங்கிட்டு. செருப்பு கழல்றத எல்லாம் வருத்தக்காரங்களுக்குத்தான் தங்கச்சி தெரியும். இது நெனச்சு எழுதுறதில்ல." பிறகு, "எதுல வெச்சு எழுதுற நீங்க?" என்று கேட்டார்.

"பெட்டி மேல, ராத்தா. தரையில உக்காந்து." முஸ்லிம் அக்காமாரை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏன், மேசையில்லையா?"

ஏன் இல்லை என்று சொன்னேன். அவர் தன் மெஷினைக் காட்டினார். அதன் நாலு காலுக்குக் கீழேயும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது. "குனிஞ்சி தைக்கக் கூடாது, மெஷின விக்கச் சொன்னாங்க. நான் கல்ல வெச்சி ஒசத்திக்கிட்டேன்" என்றார். எழுந்து கடைப் பலகைகளைப் போட்டு மூடினார். தைக்கக் கொடுத்தவர் ஒருவர் வந்து கேட்டதற்கு, நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு அதே பாலத்தைக் கடந்து கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எந்த வரிசை, எந்த அறை என்று அவருக்கு மனப்பாடம். பெயர் கூப்பிடும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கழுத்து எலும்புகளுக்கு நடுவில் நரம்பு நசுங்கிப் போயிருந்தது. தலையைக் குனிந்தே இருந்தால் இப்படி வரும், இன்னும் இரண்டு மூன்று மாதம் விட்டிருந்தால் நிரந்தரமாகப் படுக்கைதான் என்று டொக்டர் சொன்னார். கோப்பையைப் பற்றிக் கேட்டேன். விரல்கள் அதற்கு முன்பே பிடியை விடத் தொடங்கியிருக்கும், நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள் என்றார். கண்ணை மூடினால் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று மூளைக்குத் தெரியாமல் போய்விடும், அதுதான் யாரோ தள்ளுவது போல இருந்தது என்றும் சொன்னார். என் உடம்பு எனக்குச் சொல்ல முயன்றதை எல்லாம் நான் வசனமாக்கிக் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நினைத்தால் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

கதாநாயகியையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்று இயக்குநரிடம் கேட்டுப் பார்த்தேன். "மேடம், பேயில்ல, கழுத்து நோவுன்னு சொன்னா சனம் சிரிக்கும்" என்றார். மிச்சத்தை வேறொருவர் எழுதினார். நான் சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது, அவளுக்கு மந்திரித்துப் பேயை ஓட்டிவிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கெலிஓயாவில் சொல்லிச் செய்வித்த மேசை வந்து இறங்கியது. பலா மரம். வாசலால் உள்ளே கொண்டுவர நாலு பேர் தேவைப்பட்டார்கள். மாமியார் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடுற நேரம் வந்தா இத என்னா செய்யிறது?" என்று கேட்டார். என் கணவர் பெட்டியைத் தூக்கி மேசைக்குக் கீழே தள்ளினார். அதைத் திறந்து காலி செய்ய மட்டும் எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

அந்த மேசையில்தான் இதையும் எழுதுகிறேன், தலை நிமிர்ந்து. பெட்டி இன்னும் என் காலுக்குக் கீழேதான் இருக்கிறது. முகம் கழுவும்போது இன்றும் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டுதான் கண்ணை மூடுகிறேன். நான் மறைத்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு எனக்காகக் கடையைப் பூட்டிய அந்த ராத்தாவின் கைதான் அப்போது என்னைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.