கம்பி அறுந்தால்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஹைதராபாத்தில் பாலாநகர் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இன்ஜினியராக இருந்தேன். ராணுவத்துக்கும் ரயில்வேக்கும் கருவிகள் செய்து பழகிய இடம் அது. குறைமாதக் குழந்தைகளுக்கான இன்குபேட்டர் செய்யப் போகிறோம் என்ற செய்தி வந்த அன்று கேன்டீன் முழுக்க ஒரே சிரிப்பு. வயர்லெஸ் பெட்டி செய்த கையால் இனிமேல் தொட்டில் செய்யப் போகிறோமா என்று கேட்டுக்கொண்டே இட்லி சாப்பிட்டார்கள்.

எங்கள் ஜெனரல் மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டுப் பெட்டிகள் உதிரிப் பாகம் கிடைக்காமல் மூலையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இங்கேயே செய்து கொடுக்க முடியுமா என்று சுகாதாரத் துறை கேட்டதும், யாரையும் கலந்து பேசாமல் முடியும் என்று சொல்லிவிட்டார். அவர் தெலுங்குக்காரர். கோபம் வந்தால் ஆங்கிலம் பேசுவார், கோபம் அதிகமானால் பேசவே மாட்டார்.

பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியை வடிவமைத்தவர் ஒரு மதுரைக்காரர். முப்பது வயதுகூட ஆகவில்லை. மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பார், தனியாக இருக்கும்போது அக்கா என்பார். நான் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். நாலு வார்த்தை தமிழ் பேசினால் நடுவில் ஆமாம் என்பதற்கு ஒரு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு ஒரு 'நக்கோ' வந்து விழும். அவருக்கு அது பெரிய வேடிக்கை. அவருடைய மனைவி தலைப்பிரசவத்துக்காக மதுரைக்குப் போயிருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். என் பிள்ளைகள் அவர் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஹிந்தியில் பதில் சொல்வார்கள். அவரும் சளைக்காமல் தமிழிலேயே அடுத்த கேள்வி கேட்பார்.

அவருடைய வடிவமைப்பு சுத்தமாக இருந்தது. ஒரு நீளமான கம்பி, அதன் முனையில் சூட்டை உணரும் சிறிய குமிழ். அதைக் குழந்தையின் வயிற்றில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவார்கள். உடம்பு குளிர்ந்தால் பெட்டி ஹீட்டரைப் போடும், சூடேறினால் அணைக்கும். கண்ணாடி மூடிக்குள்ளே குழந்தைக்குப் பதிலாக வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிப் படுக்க வைத்தோம். யாரோ அதற்கு ஒரு கம்பளிக் குல்லாய்கூட மாட்டிவிட்டார்கள். கோடைகாலத்து வோல்டேஜ் ஏற்ற இறக்கம், ஈரம், தூசி, அதிர்வு, எல்லாவற்றிலும் பெட்டி தேறியது. ஒப்படைக்கும் விழாவுக்கு அமைச்சர் வருவதாகத் தேதியும் குறித்துவிட்டார்கள்.

அந்தச் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு நான் வழக்கமாகச் செய்கிற ஒன்று பாக்கி இருந்தது. ஒவ்வொரு பாகமாகத் தொட்டு, இது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேட்பேன். பேப்பரில் பதில் கிடைக்காவிட்டால் கெடுத்தே பார்ப்பேன். அன்றைக்குக் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பியிடம் போனேன்.

"அக்கா, அதை எதுக்கு வெட்டுறீங்க? நல்ல வயர்க்கா, அதெல்லாம் அறுந்துபோகாது" என்றார் பக்கத்தில் நின்ற மதுரைக்காரர்.

"அறுந்துபோகாதுன்னா நல்லதுதான். அறுந்தா?"

"அறுந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். நான் வெட்டிவிட்டேன்.

ஹீட்டர் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. குமிழிலிருந்து செய்தி வருவது நின்றதும், குழந்தை பனிக்கட்டியாகக் குளிர்ந்துவிட்டது என்று பெட்டி நினைத்துக்கொண்டது. அதனால் முழு மூச்சாகச் சூடேற்றியது. தெர்மாமீட்டரின் பாதரசம் ஏறுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் நிறுத்துவதற்குக் கையை நீட்டுவதற்குள் அவரே பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பிறகு மூடியைத் திறந்து, அந்த ரப்பர் பையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உடனே எடுத்துவிட்டார். வெளியே போய்விட்டார்.

அவரைத் தேடிக்கொண்டு போனேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள ஒரு பிள்ளை படுத்திருந்தா என்னக்கா ஆயிருக்கும்?"

"பிள்ளை இல்லையே தம்பி. தண்ணிப் பைதானே."

"ஊருக்குப் போயிர்றேன்க்கா. இந்த வேலை எனக்கு ஒத்து வராது."

"நக்கோ. நீங்க போயிட்டா அந்தப் பெட்டியை யார் சரிபண்றது? அதோட ஒவ்வொரு நரம்பும் உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சங்கு ஊதி எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பும்வரை அங்கேயே இருந்தோம். மனைவிக்கு மாதம் நிறைந்துவிட்டது, எந்நேரமும் தந்தி வரலாம் என்று அப்போதுதான் சொன்னார்.

மறுநாள் ஜெனரல் மேனேஜர் அறையில் கூட்டம். உற்பத்தி மேலாளர் பதறிப்போயிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. விழாத் தேதிக்குள் பெட்டிகளை முடிக்க அவருடைய ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகூட வந்து உழைத்திருந்தார்கள்.

"கம்பி அறுவதெல்லாம் எப்போதாவது நடப்பது. முதலில் கொடுத்துவிடுவோம். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி மாற்றிக்கொள்ளலாம்" என்றார்.

"எப்போதாவதுதான் சார். ஆனால் அடிக்கடி நடக்குமா என்பது ஒரு கேள்விதான். நடந்தால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. ஆவதற்கு முன்னால் யாருக்காவது தெரியவருமா என்பது மூன்றாவது. இந்தப் பெட்டியில் கடைசி இரண்டுக்கும் பதில் மோசமாக இருக்கிறது" என்றேன் நான்.

ஜெனரல் மேனேஜர் மதுரைக்காரரைப் பார்த்தார். அவர் எழுந்து நின்று, "தப்பு என்னுடையதுதான் சார்" என்றார்.

"உட்கார். தப்பு யாருடையது என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு நாள் வேண்டும் என்று கேட்கப் போகிறேன்."

எங்கள் முன்னாலேயே டெலிபோனை எடுத்துத் தலைமைச் செயலகத்துக்குப் பேசினார். மறுமுனையில் இருந்தவர் சத்தம் போட்டது எங்களுக்கே கேட்டது. இவர் குரலை உயர்த்தவில்லை. பெட்டி தயாராகவில்லை, தயாரானதும் நானே சொல்கிறேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வைத்தார். எதிர்பார்த்திருந்த பதவி உயர்வு அடுத்த வருஷம் அவருக்கு வரவில்லை. இதனால்தானா என்று எனக்குத் தெரியாது. அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வரைபடத்தைத் திருத்துவதற்கு முன்னால் அந்தக் கம்பி எங்கே, எப்படி வாழப்போகிறது என்று பார்த்துவிட நினைத்தேன். மதுரைக்காரரை அழைத்துக்கொண்டு ஒரு அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குப் போனேன். வார்டின் தலைமை நர்ஸ் செகந்திராபாத் தமிழ்க்காரி என்று பேசத் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. ஒரு கையால் பாலாடையைப் பிடித்துக் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டே எங்களோடு பேசினார்.

மூலையில் ஒரு வெளிநாட்டு இன்குபேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி கதவிடுக்கில் நசுங்கியபடி உள்ளே போனது. விரிப்பை மாற்ற வந்த ஆயா, கம்பியோடு சேர்த்தே விரிப்பைச் சுருட்டி இழுத்தாள். மதுரைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெட்டியின் பக்கவாட்டில், அபாய ஒலி வரவேண்டிய துளைகளின் மேல் பஞ்சை வைத்துப் பிளாஸ்டர் போட்டு அடைத்திருந்தார்கள்.

"சிஸ்டர், இது எதுக்கு?"

"அது பூரா நேரமும் கத்துதும்மா. எதுக்குக் கத்துறே, கைக்கு கத்துறேன்னு கேட்டா சொல்லுமா? வயித்துல ஒட்டினது கழண்டாலும் அதே சத்தம், கரெண்டு போனாலும் அதே சத்தம். பக்கத்துல தூங்குற பிள்ளைங்க எல்லாம் முழிச்சிக்குதுங்க. நாங்க இருக்கிறதே ரெண்டு பேரு."

"எங்க பெட்டியிலயும் ஒரு மணி வைக்கலாம்னு..." என்று மதுரைக்காரர் இழுத்தார்.

"சத்தமே நக்கோ. ஒரு லைட்டு வைங்க, போதும்."

"நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் பால் குடுத்துட்டு இருந்தா லைட்டு தெரியுமா சிஸ்டர்?" என்று கேட்டார் அவர்.

சிஸ்டர் யோசித்தார். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, "ஹவ், அதுவும் சரிதான்" என்றார். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேரம் பேசுவதுபோல் பேசி முடித்தார்கள். சின்ன விஷயங்களுக்கு விளக்கு மட்டும். கம்பி அறுந்தாலோ சூடு மிஞ்சினாலோ மணி. அதை ஒரு பொத்தானால் அடக்கலாம், ஆனால் கோளாறு தீராவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒலிக்கும். எந்தக் கோளாறு என்பதைப் பெட்டியின் முகப்பிலேயே தெலுங்கில் எழுதிவைக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கைக்குட்டையை விரித்து அதன்மேல் பேனாவால் சர்க்யூட் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் இனி ஊருக்குப் போகமாட்டார் என்று எனக்குத் தைரியம் வந்தது.

புதிய வடிவமைப்பில் கம்பி அறுந்தால் பெட்டி அதைக் குளிர் என்று நினைக்காமல் கோளாறு என்றே புரிந்துகொண்டு ஹீட்டரை அணைத்தது. அதையும் நம்பாமல், ஹீட்டரின் பக்கத்திலேயே தனியாக ஒரு தெர்மோஸ்டாட் வைத்தார். மின்னணுப் பகுதி முழுதும் புத்தி கெட்டுப் போனாலும், சூடு எல்லை தாண்டினால் அது தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும். "இவ்வளவு பெரிய கருவிக்குள் இஸ்திரிப் பெட்டிச் சாமானா?" என்று உற்பத்தி மேலாளர் கேட்டார். "இஸ்திரிப் பெட்டி எத்தனை வருஷம் உழைக்கிறது சார்!" என்றார் இவர். கதவில் கம்பிக்கென்று தனியாக ஒரு வழியும், இழுத்தாலும் கழலாமல் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப்பும் வந்தன.

நடுவில் மதுரையிலிருந்து தந்தி வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். லீவு போட்டுவிட்டுப் போங்கள் என்று நாங்கள் எல்லாரும் விரட்டிய பிறகுதான் போனார். போய்ப் பார்த்த கையோடு திரும்பிவிட்டார்.

மறுசோதனை அன்று கட்டிங் பிளேயரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இந்தத் தடவை நான் வெட்டுறேன்க்கா." கம்பியை வெட்டினார், முனையில் இருந்த குமிழை நசுக்கினார், உள்ளே சூட்டைப் பரப்பும் காற்றாடியை நிறுத்தினார், ஹீட்டர் சுவிட்சை வேண்டுமென்றே ஒட்டிக்கொள்ள வைத்தார். ஒவ்வொரு முறையும் பெட்டி சூட்டை நிறுத்திவிட்டு மணி அடித்தது. சொந்தக் கையால் செய்ததை இப்படிச் சந்தோஷமாக உடைத்த ஆளை நான் பார்த்ததில்லை. ஜெனரல் மேனேஜர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் ஏதாவது உடைக்க பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றதும் கையெழுத்துப் போட்டார். அமைச்சரும் இல்லை, மாலையும் இல்லை. பெட்டிகள் வேனில் ஏறிப் போயின.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் வார்டிலிருந்து சிஸ்டர் போன் செய்தார். "உங்க பெட்டி கத்துதும்மா. கம்பி அறுந்துபோச்சுன்னு லைட்டு எரியுது. பிள்ளையைப் பக்கத்துப் பெட்டிக்கு மாத்திட்டேன். சீக்கிரம் ஆள் அனுப்புங்க."

ஆள் அனுப்பவில்லை, நாங்களே ஆட்டோ பிடித்துப் போனோம். தள்ளுவண்டிச் சக்கரம் ஏறிக் கம்பி துண்டாகியிருந்தது. பெட்டியின் உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், விரிப்பு ஆறிப்போயிருந்தது. பக்கத்துப் பெட்டியில் அந்தக் குழந்தை விரல்களை மடக்கிக்கொண்டு தூங்கியது. மதுரைக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்புறம் பாக்கலாம். முதல்ல கம்பியை மாத்துங்க. ஸ்பேர் கம்பி ஒண்ணு கூடவே குடுக்கக்கூடாதா நீங்க? ஒரு கம்பிக்காக இங்கேருந்து அங்கே போன் பண்ணணுமா?" என்று சிஸ்டர் கடிந்துகொண்டார்.

"குடுக்கறோம் சிஸ்டர். இனிமே எல்லாப் பெட்டியோடயும் குடுக்கறோம்" என்றார் அவர், திட்டு வாங்கிய முகத்தில் அப்படி ஒரு நிம்மதியோடு.

வேலை முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த குழந்தையின் தாய் எழுந்து வந்து, பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று தெலுங்கில் கேட்டாள். மிகவும் சின்னப் பெண். மதுரைக்காரர் அவளைப் பயமுறுத்தாமல், தமக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், ஒரு கம்பி பழசாகிவிட்டது, புதுசு போட்டுவிட்டோம், பாப்பா நன்றாகத் தூங்குகிறாள் என்று சொன்னார். தெலுங்கில் பாப்பா என்றால் பெண் குழந்தை. பாப்பா இல்லை, பையன் என்று அவள் திருத்தினாள். மூன்று பேருமே சிரித்துவிட்டோம். அவள் மறுபடி சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம்.