நுரை வராத பல்பொடி

மளிகைக்காரர் பருப்பு நல்லா இருக்குன்னா நம்பிடுவாங்க. பல்பொடி விக்கிறவ சொன்னா முதல்ல அவ பல்லைத்தான் பார்ப்பாங்க. சின்னதா கடை வெச்சிருக்கிறவங்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

ரெண்டாயிரமாவது வருஷம் பிறந்த புதுசு. திருவண்ணாமலையில கிரிவலப் பாதை ஓரமா கடை போட்டேன். கடுக்காய், கிராம்பு, வேப்பம்பட்டை, சாணச் சாம்பல், கல்லுப்பு எல்லாம் நானே இடிச்சி சலிச்சது. ட்யூப், பிளாஸ்டிக் எதுவும் வேணாம்னு காகிதத்துலதான் மடிச்சித் தருவேன். வேங்கிக்கால்ல ஆபீஸ் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் கண்டிஷனா சொல்லிட்டார், கார்த்திகை தீபத்துக்குள்ள ஓடலைன்னா கடையை மூடிடணும்னு.

குறை ஒண்ணுதான்

கீழ்பென்னாத்தூர்ல இருந்து வேர்க்கடலை மூட்டை ஏத்திட்டு வர்ற வேன் டிரைவர்தான் முதல் வாடிக்கை. ஒரு வாரம் கழிச்சி வந்தார், முகமே சரியில்ல. "ஈறு எரியுதாண்ணே?"ன்னு பதறிட்டேன். அதெல்லாம் இல்லியாம், பல்வலி கூட கம்மியாம். அப்புறம் என்னதான் குறை? தலையைச் சொறிஞ்சிக்கிட்டே சொன்னார்:

"நுரை வராம தேய்ச்ச திருப்தியே இல்லம்மா, அடுத்த பொட்டலத்துல ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டுக் குடுங்களேன்."

பௌர்ணமி வியாபாரம்

அன்னிக்குக் கூட்டம்னா கூட்டம். ஒரு பெரியம்மா பொட்டலத்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நெத்தியில பட்டையா இழுத்து, மகன் மருமகளுக்கும் பூசி, ஒரு சிட்டிகை வாயிலயும் போட்டுக்கிட்டாங்க. ஐயையோ, எனக்கு உசிரே போச்சி! அது விபூதி இல்லம்மா, பல்பொடின்னேன். அவங்க அசரணுமே!

"இருக்கட்டும் கண்ணு, எந்த விபூதியும் இப்படி ஜிவ்வுனு ஏறுனதில்ல, இன்னும் நாலு பொட்டலம் குடு."

கெடு முடிஞ்ச நாள்

இப்படி நாலு பேர் வந்தாங்களே தவிர, கடை பெருசா ஓடல. தீபத்துக்கு முந்தின நாள் வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து நேரா கடைக்கே வந்துட்டார். எனக்கு அழுகையா வந்துச்சி. அவர் சொல்றதுக்கு முன்னாடி நானே, "நாளைக்கே சாமானைக் கட்டிடறேங்க"ன்னேன். மனுஷன் கையில இருந்த மஞ்சப்பையைக் கவுத்தார். உள்ள இருந்து எவர்சில்வர் டப்பாவா உருண்டுது, பெருசும் சின்னதுமா.

"எங்க செக்‌ஷன்ல ஒருத்தர் விடாம பொடி வாங்கித் தரேன்னு டப்பா வாங்கிட்டு வந்திருக்கேன், நீ பாட்டுக்குக் கடையை மூடிட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கினு ஆபீஸ் போறது?"

ஆபீஸ் பல்லையெல்லாம் என் பொடிக்கு மாத்தின அந்த மகராசன், இன்னிக்கு வரைக்கும் காலையில தேய்க்கிறது மட்டும் பேஸ்ட்லதான்.