மரியநேசன் சுட்ட மண்குண்டுகள்

மரியநேசனைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் வலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். முள்ளிவாய்க்காலில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு அவனுடையது. கல்யாணம் முடித்த நாள் முதல், மனைவி சுசிலாவின் தமையன் யேசுராசாவிடம் கூலிக்கு வலை இழுத்தவன். யேசுராசா சம்மாட்டி, வலையும் வள்ளமும் சொந்தமாக உள்ளவர். அவரிடம் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அவருடைய நக்கலையும் சேர்த்து விழுங்க வேண்டும். அதனால் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மரியநேசன் தனக்கென்று ஓர் இறால் வலை பின்னினான்.

வலை முடிந்தது. அதைத் தாழ்த்துவதற்கு ஈயம் இல்லை. சண்டையால் வன்னிக்குப் பொருள் கொண்டுவரத் தடை இருந்த காலம். வவுனியாவைத் தாண்டிச் சவர்க்காரம் வருவதே பெரும்பாடு. ஈயத்தை யார் விடுவார்கள்? அடியில் பாரம் இல்லாத வலை, தண்ணீரில் விழுந்த சேலை மாதிரி மேலே கிடக்கும்.

"மாரி இறால் இறங்கேக்க உன்ர வலை தாழாட்டி, திரும்ப என்னட்ட வா மச்சான்," என்றார் யேசுராசா. "கயிறு உன்னைத் தேடுது."

"தாழும், மச்சான்."

கடலை ஒட்டிய களப்புக் கரையில் களிமண் எடுத்து, காயவைத்து, இடித்து, மா அரிப்பது போல அரித்தான். பிசைந்து, ஈயத்துக்குப் பதிலாகக் குண்டுகளாய் உருட்டி, நடுவில் துளை போட்டுச் சுசிலாவின் குசினி அடுப்பில் சுட்டான். கல்லு மாதிரித்தான் இருந்தன. வலையில் கட்டிக் களப்பில் இறக்கினான். மத்தியானத்துக்குள் வலை மேலே வந்துவிட்டது. கயிற்றில் சேறு மட்டும் இருந்தது.

"களப்பில எடுத்த மண்ணைக் களப்புக்கே திருப்பிக் குடுத்திட்டியள்," என்றாள் சுசிலா. "நேர்மையான மனுசன்."

அவன் மிச்சக் குண்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தண்ணீரூற்றுப் பக்கம் வீரகத்தியிடம் போனான். வீரகத்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி, வயலும் செங்கல் சூளையும் வைத்திருந்தவர். ஒரு குண்டை விரலால் நசுக்கினார். அது மாவாய்ப் போனது.

"இது சுட்டதில்லைத் தம்பி, காஞ்சது. அடுப்புச் சூட்டில ஈரம் மட்டும்தான் போகும். பொடி ஒண்டையொண்டு பிடிக்காது. பிடிக்கிறதுக்குச் சூடு காணவேணும். கூடினா உருகி வழிஞ்சிடும். உருகாமல் ஒட்டவேணும்."

"அந்தச் சூட்டை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, அண்ணை?"

"சூளை ஓட்டைக்குள்ளால பார். குண்டு பூவரசம்பூ நிறத்துக்கு வரும். உடனே விறகை நிப்பாட்டு."

மரியநேசன் உடைந்த செங்கல்லில் சின்னச் சூளை கட்டினான். கொல்லனிடம் துருத்தி வாங்கி வந்தான். வரும்போது பட்டறையில் குவிந்து கிடந்த இரும்புத்தூளையும் அள்ளி வந்தான். மண் ஈயத்தைப் போல் பாரமில்லை. இரும்பைக் கலந்தால் பாரம் கூடும் அல்லவா? இதை அவன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காத ஆளுக்கு யார் சொல்வார்கள்?

குண்டுகள் முதலில் மங்கிய சிவப்பாயின. பிறகு அவித்த இறால் நிறத்துக்கு வந்தன.

"காணுமப்பா, போதும்," என்றாள் சுசிலா.

"பூவரசம்பூ மஞ்சள். இன்னும் வரேல்லை," என்று துருத்தியை ஊதினான். மஞ்சள் வந்தது.

ஆறிய பிறகு சூளையைப் பிரித்தால், குண்டுகள் இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு குண்டு கிடந்தது. கறுத்து, மினுங்கி, இளகின பனங்கட்டி மாதிரி. யேசுராசா வந்து அதைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"இதைக் கட்டினா வலை என்ன மச்சான், களப்பே தாழும்."

மரியநேசன் அந்தக் கட்டியையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரூற்றுக்குப் போனான். அன்று நானும் மருமகள் வீட்டில் நெல் வாங்க அங்கே போயிருந்தேன். ஆகையால் இதை என் கண்ணால் கண்டேன். வேறு மாதிரிச் சொல்பவர்கள் அங்கே இருக்கவில்லை.

"என்ன நிறத்துக்கு விட்டனீ?" என்று கேட்டார் வீரகத்தி.

"நீங்கள் சொன்ன நிறம்தான். மஞ்சள்."

"மஞ்சளோ? பூவரசம்பூ சிவப்பெல்லோடாப்பா!"

"எங்கட ஊரில மஞ்சள்."

பூவரசு விடியப் பூக்கும்போது மஞ்சள். பொழுதுபட வாடிச் சிவந்துவிடும். வீரகத்தி வயலால் வந்து வேலியோரம் குந்துவது பின்னேரம். மரியநேசன் களப்பால் வீடு திரும்புவது காலை. பூ ஒன்றுதான். ஆனாலும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் வீரகத்தி கட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"மஞ்சளுக்கு விட்டாலும் வெறும் மண் இவ்வளவு இளகாது. உள்ளுக்கு என்ன போட்டனீ?"

"கொஞ்சம்... இரும்புத்தூள்."

"அது மண்ணைக் கெதியா இளக்கிப்போடும். தனி மண்ணை எடு. பாரம் காணாட்டிக் குண்டைப் பெருசாக்கு. நிலத்தில விழுந்த பூவின்ர நிறத்தோட நிப்பாட்டு."

மழை தொடங்கிவிட்டது. இறாலும் இறங்கிவிட்டது. யேசுராசா, தன் வலைக்கு ஆள் வேண்டும், வருகிறானா இல்லையா என்று கேட்டு அனுப்பினார். மரியநேசன் கிடுகுக் கொட்டிலுக்குள் விறகை உலர்த்தி, தனி மண்ணில் பெரிய குண்டுகளாய்ப் பிடித்துச் சூளை மூட்டினான். நிறம் பார்க்கச் சுசிலா வாடின பூவொன்றை ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அது சூட்டில் கருகியது. வேறொன்று வைத்தாள். அதுவும் கருகியது. மூன்றாவது பூவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, "இப்ப நிப்பாட்டுங்கோ," என்றாள். அவன் நிப்பாட்டினான்.

தட்டினால் குண்டுகள் கிணீரென்றன. வலை இறங்கியது. மிதப்புக் கட்டைகள் மட்டும் வரிசையாக மேலே நின்றன. காலையில் தூக்கும்போது ஒரு குண்டும் கரைந்திருக்கவில்லை. ஒன்றிரண்டில் வெடிப்பு விழுந்திருந்தது, ஆனாலும் அவை கயிற்றை விடவில்லை. இறால் பெரிதாக ஒன்றும் படவில்லை. ஆனால் பட்டதெல்லாம் அவனுடையது.

யேசுராசா வள்ளத்தில் நின்றபடியே பார்த்தார்.

"ஈயம் மாதிரி வராது," என்றார்.

"ஓம் மச்சான், வராது," என்று சொல்லிக்கொண்டே மரியநேசன் வலையைத் திரும்ப இறக்கினான்.

அந்த மாரிக்கு யேசுராசா கூலிக்கு வேறு ஆள் பிடித்தார்.